எதிர்ச்சுவரில் ஒரு கொக்கி

அத்தியாயம் 14

"கொக்கியைக் காணோம்!"

சனிக்கிழமை காலை எங்கள் தெரு இந்தச் சத்தத்தில்தான் கண் விழித்தது. ஏணியின் உச்சியில் நாபோர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் தார்ப்பாயின் கயிறு. மறு கையால் எதிர்வீட்டுச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். புதுச் சாம்பல் வண்ணம் அவர் உள்ளங்கையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"எதெல்மிரா! வெளியே வா! கொக்கியைப் பிடுங்கிட்டானுங்க!"

எதெல்மிரா மோலேக் குழம்பு கிண்டிய கரண்டியோடு ஓடி வந்தாள்.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எதெல்மிரா மெட்ரோ வாசலில் தலாகோயோ சுட்டு விற்கிறவள். நீலச் சோளமாவுக்குள் பீன்ஸ் வைத்துத் தட்டிப் போடும் அந்தக் கைக்கு, கெர்ரேரோ பேட்டையில் பாதி ஆபீஸ்கள் அடிமை. கணவர் எலியோதோரோ, தெருவுக்குத் தோரோ, ட்ராலிபஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் ஷோமாராவுக்கு இன்று பதினைந்து; இங்கே பெண்பிள்ளைக்குப் பதினைந்து என்றால் கல்யாணம் மாதிரி ஊர் கூட்டும் விசேஷம். முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் இருக்கும் பழைய வளவில் இவர்களுக்கு இரண்டு அறை. கக்கூஸ் எல்லோருக்கும் பொது. தண்ணீர் வந்தால் உண்டு.

போன வாரம் தோரோ ஒரு சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். நகரத்துக்கு வடக்கே, பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் தள்ளி, தவணையில் எடுத்த சொந்த வீட்டின் சாவி. "திங்கட்கிழமை குடி போறோம்" என்றார். "முதல்ல பிள்ளைக்குப் பதினஞ்சு முடியட்டும்" என்றாள் எதெல்மிரா. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தோரோ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆன பிறகும் மனிதருக்கு விவரம் போதவில்லை.

சரி, கொக்கிக்கு வருவோம்.

எங்கள் தெருவில் விசேஷத்துக்கு மண்டபம் பிடிக்கும் வழக்கம் கிடையாது. தெருவின் இரண்டு முனையிலும் நாற்காலியைப் போட்டு வண்டிகளை மறிப்போம். இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவருக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவோம். அடியில் ஊரே ஆடும். ஆனால் தார்ப்பாய்க்கு இரண்டு சுவர் வேண்டும். ஜூலை மாதம் வேறு. மத்தியானம் தாண்டினால் மழை தவறாமல் வந்து நிற்கும்.

அந்தக் கொக்கி எத்தனையோ கல்யாணத்தையும் ஞானஸ்நானத்தையும் தாங்கிய கொக்கி. போன வருஷக் கடைசியில் அந்த வீடு கைமாறி, கீழே ஒரு ரொட்டிக்கடை வந்தது. வடக்கே பாலைவனப் பக்கத்திலிருந்து வந்த அப்தியேல் என்கிற பையன் நடத்துகிறான். நேற்று முகப்புக்கு வண்ணம் அடித்தபோது, துருப்பிடித்த பழைய இரும்பு என்று கொக்கியை அறுத்துப் போட்டுவிட்டான்.

தோரோ பல் தேய்த்தபடி வாசலுக்கு வந்தார். அண்ணாந்து சுவரைப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. வழக்கில் ஜெயித்தவன் முகம் அது.

"இதுக்குத்தான் சொல்றேன். இந்த ஊர்ல ஒரு கொக்கிகூட நமக்குச் சொந்தம் கிடையாது. அங்க நாலு சுவரும் நம்மது. எலி வளையானாலும் தனி வளை வேணும்."

"எலிக்கு வேலைக்குப் போக பஸ் பிடிக்க வேண்டாம், தோரோ."

"சும்மா வாய் பேசாதே. எனக்கு அம்பத்திரெண்டு வயசு. ஒரு நாளாவது வரிசையில நிக்காம கக்கூஸ் போகணும்னு நினைக்கிறது தப்பா?"

"தப்பே இல்ல. அந்த வீட்ல அழகா ஒரு கக்கூஸ் இருக்கு. ஆனா அதுக்குப் போகத்தான் உனக்கு நேரம் இருக்காது. விடியறதுக்கு முன்னாடி நாலு மணிக்குக் கிளம்பி, ராத்திரி ஒன்பதுக்கு வருவே. அது வீடில்ல, தூங்குற இடம்."

ஏணியில் இருந்த நாபோர் சிரிப்பை அடக்க முடியாமல் கயிற்றை விட்டுவிட்டார். அவர் ஷோமாராவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பன். அதனால் இந்த இருவருக்கும் கொம்பாத்ரே. நம் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆனவன் சம்பந்தியைவிட ஒரு படி நெருக்கம். அவன் நம் வீட்டுச் சண்டையில் சிரிக்கலாம், பக்கம் மட்டும் எடுக்கக் கூடாது.

"முற்றத்துக்குள்ள வச்சுக்கலாமே" என்றார் தோரோ.

"முற்றத்துல என் பிள்ளையோட பாவாடை மட்டும்தான் கொள்ளும்" என்று சொல்லிவிட்டு எதெல்மிரா உள்ளே போனாள்.

உள்ளே, திரைக்குப் பின்னால், ஷோமாரா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தலை நிறையச் சுருள் உருளைகள். அந்தத் திரைதான் அவளுடைய அறை. பிறந்ததிலிருந்து அப்பாவின் குறட்டையைக் கேட்டே வளர்ந்த பிள்ளை.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? திட்டக் கூடாது."

"சொல்லு."

"அந்த வீட்டுல என் ரூமுக்குக் கதவு இருக்கு. போன ஞாயித்துக்கிழமை அப்பாவோட போனப்போ அதைச் சாத்திட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்னேன். நல்லா இருந்துச்சும்மா."

எதெல்மிரா மகளின் தலையிலிருந்து ஓர் உருளையை அவிழ்த்து, மறுபடி அதே இடத்தில் சுற்றினாள்.

"ஜன்னலைத் திறந்தியா?"

"திறந்தேன். எதிரே அதே மாதிரி வீடு. அதுக்குப் பின்னாடி அதே மாதிரி வீடு. ஒரு ஆளைக் காணோம். எல்லாரும் ஊருக்குள்ள வேலைக்குப் போயிருக்காங்களாம்."

"ம்."

"உங்க பக்கம் சொல்றேன்னு நினைக்காதீங்க. பார்த்ததைச் சொன்னேன்."

எதெல்மிரா ஒரு தட்டில் கோழி எடுத்து வைத்து, மேலே மோலேயை ஊற்றி, எள் தூவினாள். ஏப்ரனைக் கழற்றினாள். உதட்டுக்குச் சாயம் பூசினாள். எங்கள் தெருவில் ஒரு பெண் காலை எட்டு மணிக்கு உதட்டுச் சாயம் பூசினால் எதிராளிக்கு நல்ல காலம் இல்லை என்று அர்த்தம்.

ரொட்டிக்கடையில் அப்தியேல் முழங்கை வரை மாவோடு இருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவளைப் பார்த்ததும் 'தோன்யா' என்று மரியாதை வைத்துத் தற்காப்பாக ஆரம்பித்தான்.

"தோன்யா எதெல்மிரா, கொக்கி விஷயம்னா மன்னிச்சுக்கோங்க. எனக்குத் தெரியாது. ஆனா இன்னிக்குச் சாயங்காலம் வெளியில மேசை போட்டிருக்கேன். கஸ்டமர் வர்றாங்க. பாட்டுச் சத்தம்னா..."

"கொக்கி கேட்டு வரலப்பா."

"அப்புறம்?"

"கேக்குக்கு ஞானத்தாய் இருக்கா. நாற்காலிக்கு ஆள் இருக்கு. கிரீடத்துக்கு இருக்கு, பாட்டுக்கு இருக்கு. தார்ப்பாய்க்கு மட்டும் ஞானத்தகப்பன் இல்ல. நீ இருக்கணும்னு கேட்டு வந்தேன்."

விசேஷத்தில் ஒரு செலவை ஏற்கிறவரும் பிள்ளைக்கு ஞானத்தகப்பனோ ஞானத்தாயோதான்; பெற்றவர்களுக்கு ஆண் என்றால் கொம்பாத்ரே, பெண் என்றால் கோமாத்ரே. அப்தியேல் கையிலிருந்த மாவு உருண்டையை மேசைமேல் வைத்தான். அவனும் இந்த நாட்டுப் பிள்ளைதானே. ஒரு தாய் வீடு தேடி வந்து, தட்டோடு நின்று, என் பிள்ளைக்கு நீ ஞானத்தகப்பனாக இரு என்று கேட்டால் முடியாது என்று சொன்னவன் எவன்? வந்து இத்தனை மாதமாகியும் இந்தத் தெருவில் ஒருவரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரொட்டிக்காரன், வடக்கத்தியான், அவ்வளவுதான். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

"என்னையா?" என்றான்.

"உன்னைத்தான்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டான். அவளுடைய நல்ல ரவிக்கையெல்லாம் மாவு. "ஆகட்டும், கோமாத்ரே" என்றான். அந்த நிமிஷமே எதெல்மிரா அவனை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தாள். முறை அப்படி.

"ரொம்ப சந்தோஷம், கொம்பாத்ரே. இந்த மோலேயைச் சூட்டோட சாப்பிடுங்க."

"துளைபோடுற மிஷின் என்கிட்டயே இருக்கு. நானே புதுசா ஒரு கொக்கி அடிச்சுத் தர்றேன். நீங்க போறதுக்கு முன்னாடி இதாவது செய்யணும்ல."

"எங்க போறதுக்கு முன்னாடி?"

"தோன் எலியோதோரோ சொன்னாரே! திங்கட்கிழமை நீங்க கையெழுத்துப் போட்டு ஒப்படைச்சிடுவீங்க, செவ்வாய்க்கிழமை நான் உங்க ரூமுக்கு வந்துடலாம்னு. அவர்தான் என்னை வீட்டுக்காரர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு." வாய் நிறைய மோலேயோடு அவன் சிரித்தான். "கடவுள் கண்ணைத் திறந்தாரு, கோமாத்ரே. வந்த நாள்லேருந்து அந்த மாவு மூட்டை மேலதான் படுக்கை. கடை வாடகை கொடுத்தது போக, தனியா ரூம் எடுக்க இந்த ஊர்ல யாரால முடியுது?"

அவன் கை காட்டிய இடத்தில், அடுப்புக்குப் பின்னால், மூட்டைகளின்மேல் மடித்த போர்வை ஒன்று கிடந்தது.

ஒரு வாரமாக எதெல்மிரா வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததற்கு ஒரு கணக்கு இருந்தது. போவோம், ஒரு மாதம் இருப்போம், தோரோவே சலித்துப்போய்த் திரும்பலாம் என்பான், அதுவரை இந்த அறைகளை விட வேண்டாம் என்பது அவள் எண்ணம். பழைய வாடகைக்கு, அவள் பேரில் கிடைத்த இடம் இது. ஒரு தடவை கைவிட்டால், அந்த வாடகைக்கு இந்த நகரத்தில் நாய்க்கூண்டுகூடக் கிடைக்காது. போவதற்கு வழி உண்டு, திரும்பி வர வழி கிடையாது. அது தோரோவுக்கும் தெரியும். தெரிந்துதான் அவளிடம் சொல்லாமல் செய்திருக்கிறார்.

கோபத்தில் அவளுக்குக் காதடைத்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. எதிரே உட்கார்ந்து மோலேயை வழித்து நக்கிக்கொண்டிருக்கிறவன் இப்போது யார்? கொம்பாத்ரே. கொம்பாத்ரே வீட்டை எந்தக் கொம்பாத்ரேயாவது எடுப்பானா?

"நல்லாச் சாப்பிடுங்க" என்றாள். "சாயங்காலம் சீக்கிரம் வந்துடுங்க. பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க."

பத்து மணிக்கெல்லாம் சாம்பல் சுவரில் புதுக் கொக்கி பளபளத்தது. அப்தியேலே ஏணியில் ஏறிக் கயிற்றை முடிச்சுப் போட்டான். நீலத் தார்ப்பாய் தெருவுக்குக் குறுக்கே விறைத்து நின்றது. தோரோ அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். எதெல்மிரா பார்த்துக்கொண்டே நின்றாள்.

பூசை முடிந்து கோயிலிலிருந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஊதா நிறப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஷோமாரா தார்ப்பாய்க்கு அடியில் ஓடி வந்தாள். தெருவே அங்கே இருந்தது. மெட்ரோ டிக்கெட் கொடுக்கும் பெண், செருப்பு தைக்கிறவர், முற்றத்துக் குடும்பங்கள், எதெல்மிராவின் கல்லுக்கு முன்னால் தினமும் நின்று சாப்பிடும் குமாஸ்தாக்கள். பச்சைச் சட்னி யாருக்கு, சிவப்பு யாருக்கு என்று அவளுக்குக் கேட்காமலே தெரியும். அப்தியேலின் கஸ்டமர்களும் வெளி மேசைகளில் மழைக்கு ஒதுங்கி, தட்டில் மோலே வந்ததும் சத்தத்தைப் பற்றிப் பேச்சையே எடுக்கவில்லை.

நாபோர் ஒலிபெருக்கிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார். ஆட்டத்தில் பாட்டைவிட அவர் மைக்கில் சொல்லும் வாழ்த்துக்குத்தான் இங்கே மதிப்பு. பேர் சொன்னால் அது ஊர் அறிந்த சேதி. அப்புறம் யாராலும் இல்லையென்று சொல்ல முடியாது.

"கேக்குக்கு ஞானத்தாய், தோன்யா எர்மிந்தா... மிந்தா... மிந்தா!" எதிரொலி போட்டு முழங்கினார். கைதட்டல். "தார்ப்பாய்க்கு ஞானத்தகப்பன், நம்ம எதிர்வீட்டு அப்தியேல்!"

முதல் தடவையாகத் தெரு அவன் பேரைச் சேர்ந்து கத்தியது. அவன் காது வரை சிவந்து எழுந்து நின்றான்.

அப்போது எதெல்மிரா மைக்கை வாங்கினாள்.

"ஒரு நிமிஷம். இன்னொரு சேதி இருக்கு. எங்க ரெண்டு ரூமையும் வேற ஆளுக்குக் கொடுக்க ஏற்பாடு ஆயிடுச்சாம். எனக்கே இன்னிக்குக் காலையிலதான் தெரியும். வர்றதா இருந்தது யார் தெரியுமா? இதோ, நம்ம அப்தியேல்தான்."

பாட்டு நின்றிருந்தது. தார்ப்பாய்மேல் மழை மட்டும் தடதடத்தது.

"அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவர் கேட்டாரு, கொடுக்கிறேன்னாங்க. ஆனா காலையில ஆறு மணிக்கு அவர் ரொட்டிக்காரர். ஒன்பது மணிக்கு எனக்குக் கொம்பாத்ரே. சொல்லுங்க, கொம்பாத்ரே வீட்டைக் கொம்பாத்ரே எடுக்கலாமா?"

"கூடாது!" என்றது தெரு. சத்தியமாக நானும்தான் கத்தினேன்.

"இந்த ஊர் நம்மளைப் பிழிஞ்சு எடுக்குது. தெரியும். தண்ணி இல்ல, இடம் இல்ல, மூச்சு விட நேரம் இல்ல. ஆனா நான் நடந்து போனா நாலு பேர் 'எதெல்மிரா'ன்னு கூப்பிடறாங்க. அதுக்கு நான் கொடுக்கிற விலை இது. கொடுத்துட்டுத்தான் இருக்கேன், இனியும் கொடுப்பேன். திங்கட்கிழமை நான் எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடறதா இல்ல."

எல்லார் கண்ணும் அப்தியேல்மேல். அவன் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றான். பாவம், வசமாக மாட்டிக்கொண்டான்.

"சரி, கோமாத்ரே" என்றான் கடைசியில். "இன்னும் கொஞ்ச நாள் மாவு மூட்டைமேல படுத்துக்கிறேன். ஆனா ராத்திரிச் சாப்பாடு உங்க வீட்லதான்."

தெரு சிரித்து ஆரவாரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் தட்டைக் கீழே வைத்தபோது அவன் முகம் தொங்கிப்போனதை நான் பார்த்தேன். அவனுக்கும் ஒரு கதவு வேண்டியிருந்தது. எதெல்மிராவும் அதைப் பார்த்தாள். பார்த்தும் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

தோரோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். வாடகைக் கோட்டு அவர் தோளில் கோணலாக நின்றது.

"ஊர் முன்னாடி என்னை அவமானப்படுத்திட்டே."

"என்கிட்ட சொல்லாம என் வீட்டைக் கொடுத்தியே, அதுக்குப் பேர் என்ன?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன். அதனாலதான் சொல்லணும்."

"முப்பது வருஷமா இந்த ஊரை ட்ராலிபஸ் கண்ணாடி வழியா பார்த்தாச்சு, எதெல்மிரா. எனக்குப் போதும். திங்கட்கிழமை ஆறு மணிக்கு லாரி வருது. நான் போறேன். வர்றவங்க வரலாம்."

கோபம் மட்டும் இல்லை அது. மனிதர் உண்மையிலேயே களைத்துப்போயிருந்தார். எதெல்மிரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மௌனத்தைத் தாங்காத நாபோர் அதற்குள் வால்ஸ் இசையைப் போட்டுவிட்டார்.

இனி செருப்பு மாற்றும் சடங்கு. சிறுமியாக உட்காருகிற மகளின் காலிலிருந்து தட்டைச் செருப்பைக் கழற்றி, முதல் குதிகால் செருப்பை அப்பா போட்டுவிட வேண்டும். எழுந்திருக்கும்போது அவள் பெரிய மனுஷி.

நடுவில் ஒரு நாற்காலி. ஷோமாரா கிரீடத்தோடு உட்கார்ந்திருந்தாள். தோரோ ஈரத்தரையில் முழங்கால் போட்டார். வலது கால் செருப்பை மாட்டினார். வாரைப் பூட்ட நேரமானது. குனிந்தபடியே மெதுவாகக் கேட்டார்:

"கண்ணு, திங்கட்கிழமை நீ அப்பாகூட வர்றேதானே? உனக்குத்தான் அந்த ரூமு, கதவு எல்லாம்."

அந்தப் பக்கம் எதெல்மிரா நின்றாள். அவளுக்கும் காதில் விழுந்தது.

ஷோமாரா அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவை.

"நீங்க சொல்லாம வீட்டைக் கொடுத்தது எனக்குப் பிடிக்கலப்பா. அம்மா அதை மைக்ல போட்டு உடைச்சதும் பிடிக்கல. எனக்குக் கதவும் வேணும், இந்தத் தெருவும் வேணும். இதுல எது வேணும்னு ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?"

"இப்போ கேக்கறேன்ல?"

"செருப்பைக் கையில வச்சுக்கிட்டுக் கேக்கறீங்க."

அவள் குனிந்து, தோரோவின் கையிலிருந்த இடது கால் செருப்பை வாங்கினாள். பாவாடையை மடியில் சுருட்டிக்கொண்டு, தன் காலில் தானே மாட்டி, வாரைத் தானே பூட்டினாள். எங்கள் தெருவில் எத்தனையோ பதினைந்தாம் பிறந்தநாள் நடந்திருக்கிறது. இப்படி ஒருத்தி செய்து நாங்கள் பார்த்ததில்லை. தோன்யா எர்மிந்தா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

ஷோமாரா எழுந்தாள். ஒரு முறை தடுமாறி, நாற்காலியைப் பிடித்து, பிறகு கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். அம்மாவைவிட உயரம்.

"திங்கட்கிழமை ஆறு மணிக்கு நானும் வாசல்ல நிப்பேன்" என்றாள், இருவருக்கும் கேட்கும்படி. "லாரியில ஏறுவேனா மாட்டேனான்னு அப்போ சொல்றேன். அதுவரைக்கும் என்னை யாரும் கேக்கக் கூடாது. நாபோர் மாமா, இந்த அழுமூஞ்சிப் பாட்டை மாத்துங்க!"

நாபோர் மாற்றினார். பெட்டிகள் அதிர்ந்தன. கூட்டம் ஆட இறங்கியது.

தோரோ இன்னும் முழங்காலில்தான் இருந்தார். எதெல்மிரா அவர் அருகில் வந்தாள். கை கொடுத்துத் தூக்கிவிடுவாள் என்று நினைத்தேன். தூக்கவில்லை. புதுப் பட்டுப்பாவாடை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல், அவர் பக்கத்தில் அதே ஈரத்தரையில் உட்கார்ந்தாள்.

"யார்கிட்ட கத்துக்கிட்டா இதை?" என்றார் தோரோ.

எதெல்மிரா குதிகாலில் ஆடப் பழகிக்கொண்டிருந்த மகளிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பயமா இருக்கு, தோரோ" என்றாள்.

"எனக்கும்தான்" என்றார் அவர்.